மகளிடம் இனிக் கேட்க வேண்டாம்

எங்கள் அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உங்கள் கைகளில் இந்தச் சிறு நினைவு மலரைத் தருகிறோம். பிறந்த ஊரில் தொடங்கி இறந்த நாளில் முடிப்பது இத்தகைய கட்டுரைகளின் முறை. நானும் அப்படியே எழுதுகிறேன். ஆனால் அக்காவின் பெருமையைச் சொல்வதற்காக மட்டும் எழுதவில்லை. அவருடைய மகளிடம், இந்தப் பந்தலில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தச் சின்னப் பிள்ளையிடம், "என்ன நடந்தது?" என்று இனி ஒருவரும் கேட்கக் கூடாது. அதற்காகவே எழுதுகிறேன். கோபத்தோடு எழுதுவதாகத் தோன்றினால், உண்மைதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா கோப்பாயில் பிறந்தார். எங்கள் ஐயா புகையிலையும் வெங்காயமும் பயிர் செய்தவர். அம்மா நாங்கள் சிறுமிகளாக இருக்கும்போதே காலமானார். அதன்பிறகு எனக்குத் தலை இழுத்துப் பின்னியதும், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதும், அடித்ததும் அக்காதான். பிள்ளைகளுக்கு அடிக்கக் கூடாது என்று பின்னாளில் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் எனக்கு நன்றாக அடித்தவர் என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன். சொல்லிக் காட்டினால், "உன்னிலைதானடி பழகினனான்" என்பார்.

படித்து முடித்துக் கொழும்பில் நன்னடத்தை உத்தியோகத்தராக வேலை பெற்றார். வீட்டிலும் வெளியிலும் கொடுமைப்படுத்தப்பட்ட பிள்ளைகளின் வழக்குகளைப் பார்ப்பது அந்த வேலை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் உடுத்த சேலையோடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். இங்கேதான் அத்தானை மணந்தார். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் முன்பே, சலரோகத்துக்கு இன்சுலின் கிடைக்காமல் அத்தான் போய்ச் சேர்ந்தார். அக்கா அழுதார். அழுதுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் திண்டாடிய அந்தக் காலத்தில் வேறென்ன செய்ய முடியும்?

அக்காவின் வேலை பலருக்கு விளங்கியதில்லை. "உவ என்ன, பிள்ளையளை வைச்சுப் பாக்கிறவவோ?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இல்லை. பிள்ளைகளைப் பார்ப்பவர்களை அக்கா பழக்கினார். குருநகரில் தேவாலயத்தோடு ஒட்டிய ஓர் அறை, புத்தூரில் வாசிகசாலையின் பின்பக்கம், எங்கள் கோப்பாயில் ஓர் ஓலைக்கொட்டில். தனக்கு நேர்ந்த கொடுமையை வெளியில் சொல்ல முடியாத பிள்ளையை அழைத்து வந்து பேசவிடுவதற்கான இடங்கள் அவை. அங்கே இருந்த ஆசிரியைகள், கன்னியாஸ்திரிகள், தாதிமார் ஆகியோருக்குப் பிள்ளை சொல்வதை எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுத்தவர் அக்கா. அவர்கள் சோர்ந்துபோகும்போது பக்கத்தில் போய் இருந்தவரும் அவர்தான்.

அவர் இந்த வேலையில் இறங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. கப்பலில் வந்த புதிதில், நான் பெயர் சொல்லாத ஓர் ஊரில், ஒரு சிறுமி தன் உறவுக்காரர் ஒருவர் தனக்குச் செய்த கொடுமையைத் தாயிடம் சொன்னாள். தாயோ மாமியைக் கூப்பிட்டு, மாமிக்கும் சொல்லச் சொன்னார். பிறகு தலைமையாசிரியர் கேட்டார், ஊர் விதானையார் கேட்டார், டாக்டர் கேட்டார். ஆளுக்கொரு விதமாகக் கேட்டார்கள். பிள்ளையும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லி, கடைசியில் "எனக்குத் தெரியாது" என்று வாயை மூடிக்கொண்டாள். அவள் சொன்னது பொய் என்று ஊர் முடிவு கட்டியது. அந்த மனிதன் அந்த வருடத் திருவிழாவில் சால்வையோடு முன்வரிசையில் நின்றான். அக்கா அன்று வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழும்பினார்.

அதன்பிறகுதான் "பிள்ளை ஒருக்காத்தான் சொல்லவேணும்" என்ற பிடிவாதம் வந்தது. ஒருவர் மட்டும் கேட்பார். டாக்டரோ பள்ளிக்கூட அதிபரோ யாராயிருந்தாலும் ஓலைத் தட்டிக்கு மறுபக்கம் சத்தம் போடாமல் இருந்து கேட்க வேண்டும். கதவுப் பக்கத்து இடம் பிள்ளைக்கு. "எழும்பிப் போக நினைச்சால் அது எழும்பிப் போகவேணும்" என்பார். பிள்ளையை "நீ" என்று கூப்பிடவும் விடமாட்டார். "வாங்கோ, இருங்கோ, சொல்லுங்கோ" என்றுதான் பேசவேண்டும். கேள்விக்குள்ளே மறுமொழியை வைத்துக் கேட்டால், கேட்டவர் அன்றைக்குத் தொலைந்தார்.

அவர் பழக்கும் விதத்தை ஒருநாள் புத்தூரில் நேரிலே பார்த்தேன். காலையில் வழியில் ஒரு நாய் தன்னைப் பார்த்துக் குரைத்ததாகத் தாதியம்மா ஒருவர் சொன்னார். அக்கா அவரை ஒவ்வொருவரிடமும் தனித்தனியே போய் அதைச் சொல்லச் சொன்னார். கேட்பவர்கள் தங்களுக்குத் தோன்றிய கேள்வியைக் கேட்கலாம். கடைசி ஆளிடம் போய்ச் சேரும்போது அந்த நாய் பாய்ந்து சேலையைக் கவ்வியிருந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். தாதியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"நீங்கள் பொய் சொல்லேல்லை, அம்மா. கேட்ட ஆக்களுக்கு எது வேணுமோ அதைக் குடுத்தனீங்கள். பிள்ளையும் அதைத்தான் செய்யும்" என்றார்.

இனி, அக்காவின் கடைசி நாள். புத்தூரில் வகுப்பை முடித்துக்கொண்டு மகளைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு பின்னேரம் கோப்பாய்க்குத் திரும்பினார். வழியில் செயின் கழன்றது. அக்கா இறங்கி, மகளைப் பக்கத்து வீட்டு வளவின் கிணற்றடியில் போய் நிற்கச் சொல்லிவிட்டு, குனிந்து செயினை மாட்டிக்கொண்டிருந்தார். அப்போது வீதியில் ஷெல் விழுந்தது. கிணற்றுக்கட்டு மகளைக் காப்பாற்றியது. அக்கா அந்த இடத்திலேயே இறந்தார். நடந்தது இவ்வளவுதான்.

செத்தவீட்டுக்கு வந்தவருக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்வது எங்கள் வழக்கம். சொல்லாவிட்டால் மரியாதை இல்லை. கூட நின்றவர் வாயால் கேட்டால்தான் வந்தவருக்கும் மனம் ஆறும். கூட நின்றவள் மகள். ஆகவே ஒவ்வொருவரும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். "இஞ்சை வா மோனை, அம்மாவுக்கு எப்பிடி நடந்தது, சொல்லு பாப்பம்." அவள் முதலில் சரியாகத்தான் சொன்னாள். "செயின் கழண்டது. அம்மா என்னைக் கிணத்தடியிலை நில்லுங்கோ எண்டவ. பிறகு சத்தம் கேட்டது." அதற்குப் பிறகு கேள்விகள் வந்தன. "ஏன் கிணத்தடிக்குப் போனனீ? தண்ணி விடாய்ச்சதோ?" இன்னொருவர், "அப்ப நீ தண்ணி கேட்டபடியாலோ அம்மா நிப்பாட்டினவ?" என்றார். பிள்ளை அவருடைய அழுத முகத்தைப் பார்த்தாள். "ஓம்" என்றாள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு வந்தபோது அவளுடைய கதையில் செயின் இல்லை. "நான் தண்ணி கேட்டனான். அதுதான் அம்மா நிப்பாட்டினவ" என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒப்புவித்தாள். நான் ஒன்றைக் கவனித்தேன். வீட்டில் அவள் தண்ணீர் கேட்பதை நிறுத்தியிருந்தாள். உதடு வெடித்துக் காய்ந்து கிடந்தது. நானாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் குடித்தாள். கேட்கவில்லை.

"நீ தண்ணி கேக்கேல்லை" என்று நான் சொல்லிப் பார்த்தேன். தன்னைத் தேற்றுவதற்காகச் சித்தி சொல்கிறாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள். அக்காவைக் குளிப்பாட்டியவள் நான். அவருடைய விரல்களில் செயினின் கறுப்பு அப்பியிருந்தது. தேசிக்காய்ப் புளி விட்டுத் தேய்த்தும் முழுக்கப் போகவில்லை. இதை ஒரு பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

அக்காவிடம் வேலை பழகிய கன்னியாஸ்திரி, குருநகர் சிஸ்ரருக்குச் சொல்லியனுப்பினேன். அவர் வந்தார். மகளைக் கதவுப் பக்கத்தில் இருத்தினார். நான் திரைக்குப் பின்னால் இருந்தேன்.

"நடந்ததைச் சொல்லுங்கோ" என்றார் சிஸ்ரர்.

மகள் தண்ணீரில் தொடங்கினாள். சிஸ்ரர் திருத்தவில்லை. முழுக்கச் சொல்லவிட்டு, "அதுக்கு முன்னம்?" என்று மட்டும் கேட்டார்.

"சைக்கிள் கடகடவெண்டது."

"பிறகு?"

"அம்மா, 'சனியன், கழண்டிட்டுது' எண்டவ."

அக்காவின் வாய் அப்படியே. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். பிறகு, "தண்ணியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை" என்று பிள்ளை தானாகவே சொன்னாள். அன்று மாலை என்னிடம் வந்து ஒரு செம்பு தண்ணீர் கேட்டாள்.

ஆனால் அடுத்த நாள் தூரத்திலிருந்து ஓர் உறவினர் வந்தார். பெயரை எழுதமாட்டேன், அவரும் இந்தப் பந்தலில் இருப்பார். நான் அடுப்படியில் நின்ற நேரம் பார்த்து மகளைக் கூப்பிட்டு, முதலிலிருந்து கேட்டு, அழுது, அவளையும் அழவைத்துவிட்டுப் போனார். செம்பு மறுபடியும் கவிழ்ந்தபடி கிடக்கிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அக்காவைத் தன் வண்டிலில் ஏற்றி வந்து, சைக்கிளையும் கொண்டுவந்து சேர்த்த அந்த வளவுக்காரர். கழன்ற செயினோடு அது இன்னும் எங்கள் சுவரில்தான் சாய்ந்து நிற்கிறது. கீரிமலைத் தீர்த்தக் கரைக்குப் போக வழியில்லாமல் நின்றபோது, அஸ்தியைக் கடலில் விடத் தங்கள் வள்ளத்தைத் தந்த குருநகர்க் குடும்பத்தார். தாள் இல்லாத காலத்தில் பள்ளிக்கூடக் கொப்பித் தாளைக் கிழித்து இதை அச்சிட்டுத் தந்த அச்சகத்தார். சிஸ்ரர். வெயிலிலும் பயத்திலும் நடந்தும் சைக்கிளிலும் வந்து எங்களோடு அழுத நீங்கள் எல்லோரும். உங்கள் அன்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அக்கா இருந்திருந்தால் உங்களைத் தட்டிக்கு மறுபக்கம் இருத்தியிருப்பார். எனக்கு அந்தத் தைரியம் இல்லாததால் எழுதிக் கொடுக்கிறேன். நடந்தது முழுவதும் மேலே இருக்கிறது. வராதவர்களுக்கு இதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். மகளைக் கண்டால் சாப்பிட்டாயா என்று கேளுங்கள், எந்த வகுப்பு என்று கேளுங்கள். வேறொன்றும் கேட்க வேண்டாம்.

அவள் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிவிட்டாள். இந்த மலரும் ஒருநாள் அவள் கைக்குப் போகும். கடைசி வரி அவளுக்கு.

பிள்ளை, நீங்கள் தண்ணி கேக்கேல்லை. செயின் கழண்டது.