ஏகாம்பரத்தின் எக்ஸ்பி

"துன்னுட்டேம்மா, துன்னுட்டேன்" என்று கம்ப்யூட்டருக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் ஏகாம்பரம் நாற்காலியில் உட்காருவார். ஆந்திர எல்லையில் குடிபாலாவில் அவருடைய ஜெராக்ஸ் கடை தினமும் இப்படித்தான் திறக்கும். பொத்தானை அழுத்தினால் மற்றவர்களின் கம்ப்யூட்டர் வாத்தியம் வாசிக்கும், இவருடையது, "நைனா, துன்னியா?" என்று ஒரு சிறுமியின் குரலில் கேட்கும். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

குரல் அவர் மகள் யமுனாவுடையது. மூன்றாம் வகுப்புப் படித்தபோது, மைக் வேலை செய்கிறதா என்று பார்க்கப் பேசியது. கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் ஹரிபாபு அதையே தொடக்க ஒலியாக வைத்துக் கொடுத்தார். பிறகு யமுனா வேலூரில் கல்லூரி விடுதிக்குப் போனாள். அவள் போனில் கேட்ட 'துன்னியா'வைக் கேட்டு அங்கே தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அன்றோடு நைனா 'அப்பா' ஆனார். பேச்சு 'சாப்பிட்டீங்களா' ஆயிற்று. இப்போது ஹைதராபாத்தில் வேலை. மரியாதைக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் அந்த மரியாதையில் மகள் விருந்தாளி மாதிரி ஆகிவிட்டாளே என்று அவருக்கு ஆற்றாமை. பெற்ற மனம் பித்தாயிற்றே!

"இந்த விண்டோஸ் எக்ஸ்பிய கம்பெனியே கை கழுவிட்சிண்ணா. இத வெச்சிக்கினு இன்னா பண்ணப்போற?" என்றார் ஹரிபாபு. நியாயமான கேள்வி. விண்ணப்பம் போடும் தளம் எதுவும் அதில் திறக்கவில்லை. சாதிச் சான்றிதழுக்கு வந்தவர்களெல்லாம் சித்தூர் பஸ் ஏறிவிட, கடை ஈ ஓட்டியது.

"அந்தக் குரலு?"

"பென்டிரைவுல எடுத்துத் தரேன். ஆனா புதுசுல ஆன் பண்ணா கம்பெனி சத்தம்தான். அது உன்ன விசாரிக்காது."

அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார் ஏகாம்பரம். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னார். காரணத்தை மகளிடம் சொல்ல வெட்கம்.

கடைசியில் யமுனாவே ஹரிபாபுவைக் கடைக்கு அனுப்பினாள். "அப்பா, இன்னைக்கு மாத்திடுங்க, ப்ளீஸ்" என்று அவள் போனில், ஸ்பீக்கரில், சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஹரிபாபு பொத்தானை அழுத்திவிட்டார். ஏகாம்பரம் பாய்ந்து போய்ச் சத்தத்தைக் குறைப்பதற்குள் அது கேட்டே விட்டது.



"நைனா… அது நானா?"

"நீதாம்மா."

"அய்ய! மூக்கால பேசிக்கினு கீறேன்! இதுக்காவா நைனா மாத்தாம குந்திக்கினு கீற?"

ஹரிபாபு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். ஏகாம்பரம் ஸ்பீக்கரை அணைத்தார். போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, புது விண்டோஸ் சிடியை உள்ளே போடச் சொல்லி அவருக்குக் கை காட்டினார்.