கூலர் நின்ற நேரம்

ஆரப்பாளையத்தில் இருந்த அந்தக் கிளினிக்குக்கு முதுகுவலி என்று சொல்லித்தான் கிளம்பினேன். பேரையூரிலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்த கணவரிடமும் அதே பொய்தான். இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டது எனக்கு மட்டுமே தெரியும்.

டாக்டரம்மாவின் அறைக்கும் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு. கூடத்தில் பெரிய ஏர்கூலர் இரைந்துகொண்டிருந்தது. பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேசவே கத்த வேண்டும்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் எல்லாவற்றையும் கொட்டினேன். கட்டியை, கசிந்த ரத்தத்தை, அம்மா இதே நோயில் போனதை. நடுவில் விளக்கு ஒருமுறை அணைந்து உடனே எரிந்தது. இன்வெர்ட்டர் என்று நினைத்துப் பேச்சைத் தொடர்ந்தேன்.

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாது டாக்டர். தெரிஞ்சா ஒடிஞ்சு போயிருவாரு."

வெளியே வந்தால் கூடத்தில் ஒரு சத்தமில்லை. இன்வெர்ட்டர் டாக்டர் அறைக்கு மட்டும்தான்; இங்கே கரண்ட் போய்க் கூலர் நின்றிருந்தது. என்னைக் கண்டதும் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் என் கையைப் பிடித்து, "ஒண்ணும் ஆகாது தாயி, தைரியமா இரு" என்றாள்.

ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார்கள்.

கணவர் சுவரோரம் நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"இம்புட்டையும் நான் ஊரோட சேந்துதான் கேக்கணுமா?"

பேரையூர் பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாக இருந்தும் அவர் பின்னால் போய் உட்கார்ந்தார்.

சோதனையில் புற்றுநோய் என்றே வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து மறுபடி அந்தக் கிளினிக்குக்குப் போனபோதுதான் அன்று நடந்ததை டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

"கதவு சாத்தித்தானம்மா இருந்துச்சு?" என்றார், நம்பாமல்.

கூலரை அணைத்துவிட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தார். உள்ளே நர்ஸும் நானும் சாதாரணமாகப் பேசினோம். திரும்பி வந்தவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "இத்தனை வருசமா எத்தனை பேர் கதையைக் கேட்டிருப்பாங்க!"

அடுத்த முறை போனபோது பிளைவுட் இருந்த இடத்தில் செங்கல் சுவர் எழும்பியிருந்தது. கூடத்தின் கூரையில் சின்ன ஸ்பீக்கர்கள். உள்ளே பேசுவதை மறைக்கவென்றே, தூரத்தில் மழை பெய்வதுபோல ஒரே சீரான இரைச்சல். கரண்ட் போனாலும் நிற்காதாம். உள்ளே பேசுவது முணுமுணுப்பாகக்கூட வெளியே கேட்கவில்லை.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். கணவரும் எழுந்தார்.

"நானும் வாரேன்" என்றார்.