சுவருக்குள் செத்த துகள்கள்

அணு உலைக் கதிர் ஒன்று சுவரைத் தாண்டி வெளியே வருமா, உள்ளேயே அடங்குமா என்று கணக்குப் பார்ப்பது என் தொழில். வீட்டாருக்கு விளங்காத உத்தியோகம் பார்க்கிறவர்களே, இது உங்களுக்குத்தான். 1950களில் நான் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுகூடத்தில் இருந்தேன். அறையை அடைத்து நிற்கும் கணக்கு இயந்திரத்துக்குப் புது முறையொன்று எழுதியிருந்தேன். கையால் சரிபார்த்த பிறகுதான் அதை இயந்திரத்தில் ஏற்றுவார்கள். கலியாணம் பேசவென்று உம்மா கூப்பிட, அந்த வேலையையும் பெட்டியில் போட்டுக்கொண்டு கல்முனைக்குடிக்கு வந்து சேர்ந்தேன்.

கட்டை

சுவருக்குள் போன கதிர்த் துகள் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அங்குள்ள அணுக்களில் முட்டும் ஒவ்வொரு முறையும் தாயக்கட்டை உருட்டி, விழும் எண்படி திருப்ப வேண்டும். நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்த வாப்பா ஜன்னலால் பார்த்துவிட்டார். தாளில் இருந்த கோடுகளைக் காட்டி விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டார்.

"சூதாடுறவனும் தாள்லதான் மகன் கணக்கு எழுதுறான்."

மௌத்து

அன்றோடு கட்டையை விட்டேன். எண் எழுதிய சிப்பிகளைச் சட்டியில் போட்டுக் குலுக்கி எடுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க முதலில் பழைய முறையில் செய்தேன்; அதில் பெரும்பாலான துகள்கள் பாதிச் சுவரிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். அவ்வளவு நேரம் துரத்தியது வீண். "இதுவும் செத்துப் போச்சி" என்று வாய்விட்டுச் சொல்வேன்.

அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு ராத்தா யாரோ மௌத்தாகிவிட்டதாக நினைத்து, கண்ணைத் துடைத்தபடி ஓடி வந்தார். உம்மா முழித்தார். என் புது முறையில் துகள் சாகாது, முட்ட முட்ட அதன் பாரம்தான் குறையும் என்று நானே விளக்கினேன். ராத்தா உம்மா பக்கம் திரும்பினார்.

"புள்ளைக்குக் கெதியா கலியாணத்த முடிச்சி வைங்க."

சுவர்

அதற்குள் 'கட்டை உருட்டுற மாப்பிள்ளை' என்ற கதை பக்கத்திலுள்ள மருதமுனைக்குப் போய்விட்டது. எனக்குப் பேசிய பெண்ணின் வாப்பா அங்கே தறி வைத்திருந்தவர். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லவே வந்தார். எனக்கோ அந்தச் சம்பந்தத்தில் மனம் விழுந்திருந்தது. சுவர், கதிர், ஆபத்து எல்லாம் சொன்னேன்.

"ஒரு முழம் கூடக் கட்டினா முடியிற அலுவலுக்கா தம்பி இவ்வளவு படிச்சீங்க?"

விரற்கடை

கை சும்மா இருக்காமல் ஒரு சிப்பியை எடுத்தேன். தாளில் துகள் முன்னால் நகர்ந்தது. அடுத்த சிப்பிக்குப் பின்வாங்கியது. பிறகு வளைந்து வளைந்து மறுபக்கத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் வந்து, மறுபடி திரும்பிவிட்டது. பெண்ணின் வாப்பா தான் உட்கார்ந்திருந்த கதிரையை இழுத்துக் கிட்ட போட்டார். தேத்தண்ணி ஆறியது. வாசலில் வண்டிக்காரன் கூப்பிட்டுப் பார்த்துச் சலித்தான். என் வாப்பா மெல்ல, "அப்ப சம்பந்த விஷயம்?" என்று இழுத்தார். வந்தவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது கிடக்கட்டும். இன்னொரு சிப்பிய எடுங்க மருமகன், இது வெளியால வராம நான் எழும்ப மாட்டன்."

பிறகு முறை இயந்திரத்தில் ஏறியது, கலியாணமும் நடந்தது; ஆனால் நான் செய்கிற வேலையைக் கடைசிவரை இருந்து பார்த்த ஆள் இன்றுவரை மாமா ஒருவர்தான்.