மாங்கனி நாளில் போட்ட ஒப்புதல்

நான் ஓய்வுபெற்ற மூன்றாம் ஆண்டில் பொது மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். காரைக்காலில் இறால் பதப்படுத்தி ஏற்றுமதி செய்யும் நிறுவனம். அங்கே நான் கிடங்கு அதிகாரியாக இருந்தேன்.

"சிஸ்டம் ரொம்ப மெதுவாயிடுச்சுங்க. ஒரு ஸ்க்ரீன் திறக்கறதுக்குள்ள டீ ஆறிப்போகுது. பழைய டேட்டாவையெல்லாம் காப்பகத்துக்கு மாத்தணும். உங்கள விட்டா முறை தெரிஞ்ச ஆள் இல்ல."

உண்மைதான். அந்த முறையை எழுதியவனே நான். "வர்றேங்க" என்றேன். எந்த ஆண்டின் தரவை முதலில் திறப்பேன் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் கெட்டுப்போன இறால் ஒரு கன்டெய்னர் நிறையக் கப்பலேறியது. 'தரம் சரி' என்ற ஒப்புதல் என் பயனர் பெயரில் பதிவாகியிருந்தது. பதிவான நாள் மாங்கனித் திருவிழா. அலுவலகம் பூட்டிக் கிடந்தது; நான் தெருக் கூட்டத்தில், மாடிகளிலிருந்து வீசும் மாம்பழங்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சென்னையில் இருந்த அன்றைய மேலாளருக்குக் காரைக்காலின் உள்ளூர் விடுமுறை தெரியாது. அதிகாரிகளின் கடவுச்சொற்களெல்லாம் உறையிலிட்டு ஒட்டப்பட்டு அவருடைய பீரோவில்தான் இருந்தன, அவசரத்துக்காம்.

விசாரணை அதிகாரியும் அவரே. எந்தக் கணினியிலிருந்து போட்டது என்று பாருங்கள் என்றேன். "பழைய டேட்டா, எடுக்க நாளாகும். நீங்க வீட்லேருந்து போட்டிருப்பீங்க" என்றார். மெமோ கொடுத்து என்னை லாரி வாசலுக்கு மாற்றினார். கருக்களாச்சேரியிலிருந்து இறால் கொண்டுவரும் அம்மாள் கூடையை இறக்கியபடியே கேட்டாள்: "என்ன சார், நாறினத பாஸ் பண்ணினது நீங்கதானாமே?" ஓய்வுபெறும்வரை அந்த வாசலில் நின்றேன்.

அந்த மேலாளர்தான் இப்போது பொது மேலாளர். எனக்குக் காப்பி வரவழைத்து, பேரன் பேத்திகளை விசாரித்தார். பழையது எதுவும் அவர் நினைவில் இல்லை. மற்ற எதையும்விட அதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

காப்பகத்துக்கு மாற்றுவதில் அவசரம் கூடாது. முடிந்துபோன ஆவணங்களை மட்டும் எடுக்க வேண்டும். கோப்பில் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு மாதிரி ஆவணத்தை, யார் எப்போது எந்தக் கணினியிலிருந்து பதிவு செய்தார் என்ற மாற்றக் குறிப்புகளோடு அச்சிட்டு, பொது மேலாளர் ஒப்பிட்டுக் கையெழுத்திட, ஒரு பிரதி இயக்குநருக்குப் போக வேண்டும். அதன் பிறகுதான் அழிக்கலாம். மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேலை செய்பவருக்கு.

மாற்றக் குறிப்புகளைப் பார்க்கும் அனுமதி முதல்முறையாக என் கைக்கு வந்தது. என் பயனர் பெயர், மாங்கனி நாள், அதற்கு நேரே அவருடைய சென்னைக் கணினியின் பெயர். அந்த ஆண்டுக்கு வேறு மாதிரி தேட வேண்டிய தேவை இருக்கவில்லை.

"படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க" என்று இரண்டு முறை சொன்னேன். "நீங்க பார்த்தா போதாதா?" என்று சிரித்தபடி, பேச்சை நிறுத்தாமலே பக்கம் பக்கமாகக் கையெழுத்திட்டார். அன்று மாலையே கையெழுத்தான தாள்களை இயக்குநருக்கு அனுப்பினேன். அந்தப் பக்கத்தில் மட்டும் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டி, 'உள்ளூர் விடுமுறை நாள்' என்று எழுதியிருந்தேன்.

நான்காம் நாள் பொது மேலாளர் அழைத்தார். குரல் இறங்கியிருந்தது.

"ஏங்க இப்படிப் பண்ணினீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"அன்னிக்கு விசாரணையில சொன்னேங்களே."

மெமோவை ரத்து செய்யச் சொல்லிவிட்டாராம் இயக்குநர். மெமோவைக் கொடுத்தவரே ரத்து செய்ய வேண்டும் என்பது விதி. முதல் கடிதத்தில் மெமோ எண் இல்லை, திருப்பினேன். இரண்டாவதில் 'சில தவறான புரிதல்களால்' என்றிருந்தது, அதையும் திருப்பினேன். மூன்றாவதை அவரே கொண்டுவந்தார். 'ஒப்புதலை நான்தான் பதிவு செய்தேன்' என்ற வரியை இரண்டு தரம் படித்தேன்.

"இப்ப திருப்திதானே?"

"தேதி போடலிங்களே" என்று கடிதத்தை நீட்டினேன். பேனா தேடிச் சட்டைப்பையைத் தடவினார். என் சட்டைப்பையில் இருந்ததை நான் கொடுக்கவில்லை.