வலது கைக்கு ஒரு கல்வெட்டு

எங்கள் ஊரில் யாராவது செத்தால் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டோடு ஒரு சின்னப் புத்தகமும் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று பெயர். செத்தவரைப் புகழ்ந்து பாட்டு, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று போகும். உரும்பிராயில் எங்கள் பக்கத்துச் சாவுகளுக்கெல்லாம் எழுதியவர் எங்களோடு இருந்த என் மாமா, அம்மாவின் தம்பி. எழுதியது அத்தனையும் பொய். அடுத்தவன் வேலியைத் தள்ளிப் போட்டுக் காணி பிடித்தவனையும் வள்ளல் என்று எழுதுவார்.

சந்தையில் ஷெல் விழுந்ததில் மாமாவின் வலது கை முழங்கைக்குக் கீழே இல்லாமல் போனது. அதோடு எழுத்தும் போனது. பாட்டுக் கேட்டு வந்தவர்களிடம் "கை செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார். மாமி கெஞ்சினாலும் சாப்பிட எழும்பமாட்டார்.

ஒருநாள் தானாக எழும்பி வந்து என் பள்ளிக்கூடக் கொப்பியைக் கேட்டார். பொருள்கள் வராத தடைக் காலம். எனக்கு இருந்ததே அந்த ஒரு கொப்பிதான்.

"என்னத்துக்கு?"

"கைக்கு இண்டைக்கு முப்பத்தொண்டு. கல்வெட்டு எழுதப்போறன்."

இடது கையால் எழுதினார். பிடிக்க மற்றக் கை இல்லாததால் கொப்பி மேசையில் ஓடியது. பிடிக்கும் வேலை எனக்கு. எழுத்து கோழி கிளறியது போல இருந்தது.

அம்மா குசினிக்குள்ளிருந்து வந்தார். "உயிரோடை இருக்கிறவனுக்குக் கல்வெட்டோ? உனக்கென்ன விசரே?"

"எனக்கில்லை அக்கா, கைக்கு."

அம்மா கொப்பியைப் பறித்துத் தன் பெயரில் இருந்த புலம்பலைப் படித்தார். 'மறைத்து வைத்த வடையை மணந்து பிடித்த கையே.'

"மணக்கிறது மூக்கெல்லோடா," என்றார். ஏச வந்தவர் திருத்தம் சொல்லிவிட்டுப் போனார்.

மாமிக்கு, 'தாலி கட்டிய கையே, ஒருநாளும் தண்ணி அள்ளாத கையே' என்று இருந்தது.

"இவர் எழுதினதிலை உண்மை இது ஒண்டுதான்," என்று மாமி சிரித்தார். கை போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நான் தேடினேன். அக்கா மகள் என்றால் மருமகள் முறை. மருமகள் புலம்பல் இல்லை. கல்வெட்டில் பெயர் விடுபட்டால் எங்கள் ஊரில் பேச்சுவார்த்தையே நின்றுவிடும். நான் கையை எடுத்துவிட்டேன்.

"பிடியடி, கொப்பி ஓடுது."

"ஓடட்டும். நான் இல்லாத கல்வெட்டுக்கு என்ரை கொப்பியோ?"

குனிந்து நாடியால் கொப்பியை அமத்திப் பார்த்தார். மூக்கு மேசையில் முட்ட, எழுத்து தெரியவில்லை. முழங்காலைத் தூக்கி வைத்தார். தாள் கிழிந்தது. கடைசியில், "சரி, பிடி. எழுதித் துலைக்கிறன்," என்றார். வேர்க்க வேர்க்க எழுதினார்.

'காதைத் திருகிய கையே போனாய், இனி
மற்றக் கை பழகும்வரை மருமகள் தப்பினாள்.'

எனக்குத் திருப்தி. ஆனால் எந்தக் கல்வெட்டும் 'ஓம் சாந்தி' என்று முடியும். இதில் அது இல்லை.

"சாந்தி போடேல்லை, மாமா."

"அதுக்கு இன்னும் சாந்தியில்லை. விரல் நோகுது."

"எந்த விரல்?"

இடது கையால் முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லாத இடத்தைக் காட்டினார்.

"பொய் சொல்லாதேங்கோ," என்று பென்சிலைப் பறித்து நானே வடிவாக 'ஓம் சாந்தி' என்று எழுதினேன். மாமா பெருவிரலில் எச்சில் தொட்டு, தாள் ஓட்டையாகும் வரை அதைத் தேய்த்து அழித்தார். தன் எழுத்தைவிட என் எழுத்து வடிவாக இருந்த எரிச்சல் என்றுதான் நான் நினைத்தேன்.