ஆறாத எஞ்சின்

பொம்மனஹள்ளியிலிருந்து ஹோசூர் ரோடு ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். பஸ் வந்து நின்றது, ஏறவில்லை. ஏறியிருந்தால் காலை மிதித்தான் என்று யாரையாவது அடித்திருப்பேன், அவ்வளவு கோபம். கிடைக்காத விலைக்குக் கிடைத்த பிக்கப் வண்டியை நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

பேய் பிசாசெல்லாம் எனக்குக் கிடையாது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஊர் ஊராக வண்டி ஓட்டியவன். சுடுகாட்டு ஓரம் லாரியை நிறுத்தித் தூங்கியிருக்கிறேன், என்னை எழுப்பியது கொசு மட்டும்தான். அதனால் இதை நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள்.

விவேக் நகரில் ஸ்டெல்லா அக்கா தண்ணீர் கேன் சப்ளை நடத்துகிறார். அவர்தான் சொன்னார்: "அடுத்தவன் வண்டியவே எத்தன காலம் ஓட்டுவ? நாளைக்குக் காலைல சொந்த வண்டியோட வா, ஏரியா பூரா உனக்குத்தான். கைய வீசிக்கிட்டு வந்தீன்னா வேற ஆள் ரெடியா இருக்கான்." என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அப்படி ஒன்றைத் தருவதாகச் சொன்னதில்லை.

உடனே புரோக்கர் மாதேஷுக்குப் போன் போட்டேன். நான் வரும்வரை அவன் ஷெட்டில் விலைக்கு நிற்கும் பிக்கப்பை ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். பழைய டீசல் வண்டி வாங்குகிறவன் முதலில் பார்க்க வேண்டியது, ஆறிக் கிடக்கும் எஞ்சின் எப்படி எழுந்திருக்கிறது என்பதைத்தான். முன்னாலேயே ஓட்டிச் சூடாக்கி வைத்தால் செத்த எஞ்சின்கூட நல்லதுபோல நடிக்கும். புரோக்கர்கள் எல்லோரும் செய்கிற வேலை இது.

ஷெட்டுக்குப் போனதும் பானெட்டைத் தூக்கி எஞ்சின் மேல் கை வைத்தேன். சூடு.

"என்னை என்ன கேனைன்னு நெனச்சியா?" என்று மாதேஷின் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"தேவராணே, சாமி சத்தியமா நான் தொடல குரு! பேட்டரியே ரூம்ல இருக்கு, பாரு!"

பார்த்தேன். பேட்டரி வைக்கும் இடத்தில் சிலந்தி வலை. தள்ளி ஸ்டார்ட் பண்ணியிருப்பான் என்று குனிந்தால், பின்சக்கரங்கள் இரண்டும் செங்கல் அடுக்கின் மேல், தரையைத் தொடாமல் நிற்கின்றன. துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. ஆயில் குச்சியை உருவித் தொட்டேன், அதுவும் ஆறித்தான் இருந்தது. இரும்பு மட்டும் காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுடுகிறது.

எனக்கு வந்தது பயமில்லை, வெறி. ஏதோ தந்திரம் செய்கிறான், ஆறட்டும், ஆறின பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு காலி ஆயில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு வண்டிக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெளியே மழை, பெங்களூர்க் குளிர் முதுகுத்தண்டில் ஏறுகிறது. மாதேஷ் சாப்பிடப் போய்விட்டு வந்தான். நான் போகவில்லை. சும்மா இருக்க முடியாமல் மற்றதையெல்லாம் பார்த்தேன். சேசிஸில் வெல்டிங் இல்லை, பின் ஸ்பிரிங் பட்டைகளில் விரிசல் இல்லை, லோடு பாடிக்கு அடியில் துருவும் இல்லை, சேசிஸ் நம்பரும் ஆர்சியும் ஒத்துப்போகின்றன. எழுந்து எழுந்து எஞ்சினைத் தொட்டேன். கொஞ்சம்கூட ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, அதே சூடு.

"எஞ்சின் சூடா இருக்குன்னு சண்டைக்கு வந்த மொதல் கிராக்கி நீதான்" என்றான் மாதேஷ். "உனக்குச் சாப்பாட்ட அதுமேலயே வெச்சுத் தரட்டா?"

சாயங்காலம் பொறுமை போய், பேட்டரியை மாட்டச் சொன்னேன். செங்கலை எடுத்தோம். அரைச் சாவியில் எழுந்தது. வெள்ளைப் புகை இல்லை, நீலப் புகை இல்லை. ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன், அங்கேயும் புகை அடிக்கவில்லை. ரிங் ரோடு வரை ஓட்டிவிட்டு வந்தேன். என் ஆயுசில் இந்த மாதிரி ஒரு எஞ்சின் சத்தத்தைக் கேட்டதில்லை. என்னோடதுதான் என்றே முடிவு செய்துவிட்டேன். பெயர் எழுத இடம்கூடப் பார்த்துவிட்டேன்.

நிறுத்திவிட்டு, எதற்கோ, இன்னொரு முறை கையை வைத்தேன்.

ஜில்லென்று இருந்தது. மார்கழி விடியலில் கருங்கல்லைத் தொட்டதுபோல. அவ்வளவு தூரம் ஓடி அப்போதுதான் நின்ற எஞ்சின் அது.

மாதேஷையும் தொடச் சொன்னேன். தொட்டான். சிரிப்பு நின்றுபோய் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான். "தண்டா இருந்தாலும் திட்டுற, சூடா இருந்தாலும் திட்டுற" என்று மட்டும் சொன்னான், என் முகத்தைப் பார்க்காமல். சாவியை அவன் மேல் வீசிவிட்டு நடக்க ஆரம்பித்தேன். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியாத கோபம் அது. இன்றும் தீரவில்லை.

மறுநாள் காலை விவேக் நகர் போனேன், வெறுங்கையோடு.

"ஓட்டத்தான் வண்டி கொண்டாரல, ஏத்தவாச்சும் செய்" என்றார் ஸ்டெல்லா அக்கா. "வேற ஆள் வந்துட்டான், பாரு."

வந்தது அந்த வண்டிதான். ராத்திரியே வாங்கிவிட்டானாம். கோவிந்து என்று கிருஷ்ணகிரிப் பையன். டிராஃபிக்கில் ஊர்ந்து வந்திருக்கிறான், வெயில் சுள்ளென்று அடிக்கிறது, ஆனால் இறங்கும்போது ஸ்வெட்டரும் மஃப்ளரும் போட்டிருந்தான். தரையில் கால் வைத்ததும் இரண்டையும் கழற்றினான். சித்திரை வெயிலிலும் அப்படித்தான் ஓட்டுகிறான். ஏன் என்று அவன் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை.

அன்று கேன்களை ஏற்றி முடித்ததும், "முன்னாடி வந்து உக்காருங்கண்ணே" என்றான். கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து குளிர் முகத்தில் அடித்தது. கோவிந்து ஸ்வெட்டரைத் தலை வழியாக மாட்டிக்கொண்டிருந்தான். கதவை அறைந்து சாத்திவிட்டுப் பின்னால் ஏறி, கேன்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.