நெடுந்தீவில் நான் இருந்த கதிரை

காலை 6.10க்கு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில், நெடுந்தீவுப் படகுகள் புறப்படும் குறிகட்டுவானுக்குப் பஸ் ஏறினேன். நூற்று அறுபது ரூபாய். பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று ஒன்றரை மணி நேரம். எழுபத்தாறு வயதில் நெடுந்தீவுக்குப் போக வேண்டிய தேவை எனக்கு இல்லை. பதினொரு வருடம் அங்கே கணிதம் படிப்பித்ததோடு என் கணக்கு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

8.00 மணிக்குப் படகு. நெடுந்தீவு வரை ஒரு மணி நேரத்துக்கு மேல். அந்த நேரத்தில், நான் ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன், என்னிடம் படித்து, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் தரகனாகிவிட்ட ஒருவன், “மாஸ்ரர், சும்மா என்னோட வாங்கோ” என்று அழைத்தான். கல்யாணம் பேசவோ காணி பேசவோ போகும்போது மதிப்பான ஒருவரைக் கூட்டிப் போவது எங்கள் வழக்கம். அவர் பேச வேண்டியதில்லை. கதிரையில் இருந்தால் போதும். கமலாம்பிகை என்பவரின் வீட்டில் நான் அப்படி இருந்து தேத்தண்ணீர் குடித்தேன். மகள் தேவகிக்கு வளைகுடா நாடொன்றில் தையல் ஆலை வேலை என்றான் அவன். மேசையில் கிடந்த தாளில் அது சுற்றுலா விசா என்று ஆங்கிலத்தில் இருந்தது. அந்த வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாசித்தேன், ஏதும் காரணம் இருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

தேவகி தையல் ஆலையைக் காணவேயில்லை. ஒரு வீட்டில் இருபது மாதம் பூட்டிவைத்து வேலை வாங்கினார்கள். சம்பளம் இல்லை. கடவுச்சீட்டு அவர்களின் அலுமாரியில். திரும்பி வந்தபோது இடது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. நான் தரகனிடம் ஒரு சதமும் வாங்கவில்லை. அதையே என் நேர்மைக்குச் சாட்சியாக நெடுநாள் வைத்திருந்தேன்.

இரண்டு நாளுக்கு முன் பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் சொன்னாள்: தேவகியின் தம்பி நிசாந்தனுக்குத் தாய்லாந்தில் கணினி வேலையாம், திங்கட்கிழமை பயணமாம்.

9.20. இறங்குதுறையில் ஓட்டோக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். “மாஸ்ரரிட்ட அடி வாங்கினவை எல்லாம் இஞ்ச ஓட்டோ ஓடுறம். அடி வாங்காதவை கனடாவில.”

“அப்ப உமக்கு நான் போட்ட அடி போதாமப் போச்சு” என்றேன். சிரித்துக்கொண்டே அறுநூறு ரூபாய் கேட்டார்.

கல்மதில்களுக்கு இடையே இரண்டு கிலோமீற்றர். வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. உள்ளே நிசாந்தனுக்கு முன்னால் புதிய தரகர். அவருக்குப் பக்கத்தில், நான் இருந்த அதே கதிரையில், ஓய்வுபெற்ற போஸ்ற்மாஸ்ரர் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“இது வேற ஆள், மாஸ்ரர். பயமில்லை. போஸ்ற்மாஸ்ரர் ஐயாவே வந்திருக்கிறார்” என்றார் கமலாம்பிகை. “இருங்கோவன்.”

“போன முறை இதில இருந்துதான் பிழை விட்டனான், தங்கச்சி. நிண்டே சொல்லுறன்.”

அந்தத் தாளில் நான் கண்டதையும், கண்டும் சொல்லாததையும் சொன்னேன். தேவகி அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள்.

தரகரைக் காட்டிப் போஸ்ற்மாஸ்ரரிடம் கேட்டேன்: “ஐயா, உவரை எவ்வளவு காலமாத் தெரியும்?”

“மருமகன்ர சிநேகிதன். ரெண்டு மாசமிருக்கும்.”

“வேலை ஒப்பந்தத்தை வாசிச்சனீங்களோ?”

“ஒப்பந்தமோ? நான் சும்மா துணைக்கு வந்தனான்.”

“நானும் சும்மாதான் வந்தனான்.”

தரகர் குறுக்கிட்டார். “சுற்றுலா விசாவில இறங்கி அங்க மாத்தலாம், மாஸ்ரர். எல்லாரும் அப்பிடித்தான் போறவை.”

“எனக்கும் அப்பிடித்தான் சொன்னவை” என்றாள் தேவகி. “கம்பனியின்ர பேரைச் சொல்லுங்கோ பாப்பம்.”

“அது கொழும்பில இருக்கிறவைக்குத்தான் தெரியும்.”

“தம்பியின்ர பாஸ்போட்?”

“என்ர பையில பத்திரமா இருக்கு.”

போஸ்ற்மாஸ்ரர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். “பாஸ்போட்டைக் குடும்.”

“ஐயா, அது வந்து...”

“பொடியனிட்டக் குடும். என்னை நம்பித்தான் உம்மை உள்ள விட்டவை.”

தரகர் கொடுத்தார். மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். பிறகு நிசாந்தன் வெடித்தான். “எல்லாரும் சேர்ந்து என்ர பயணத்தைக் கெடுத்துப்போட்டியள். இஞ்ச எனக்கு என்ன இருக்கு?”

இப்படிக் கணினி வேலைக்கென்று போனவர்களைத் தாய்லாந்து எல்லைக்கு அப்பால் காவல் போட்ட கட்டடங்களில் அடைத்து, முன்பின் தெரியாதவர்களை ஏமாற்றிப் பணம் பறிக்க வைக்கிறார்கள் என்றேன். போவதென்றால் பதிவுள்ள முகவர் மூலம், வேலை விசாவோடு, ஒப்பந்தம் கையில் இருக்கப் போகவேண்டும். பதிவு உண்மையா என்று அரச வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேட்க நானும் கூட வருகிறேன், ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொல்கிறேன் என்றேன். “பாப்பம்” என்றான். கடவுச்சீட்டு அவன் சட்டைப் பையில் இருந்தது.

2.30 படகுக்குத் தேவகி இறங்குதுறை வரை வந்தாள். மன்னிப்புக் கேட்டேன்.

“அதைப் பிறகு பாப்பம், மாஸ்ரர். உந்தத் தரகர் நயினாதீவிலயும் மூண்டு வீட்டுக்குப் போனவராம். போஸ்ற்மாஸ்ரர் ஐயா சொன்னவர்.” மடித்த தாளொன்றைத் தந்தாள். மூன்று பெயர்கள்.

வேலைவாய்ப்பு மோசடி பற்றிய சுவரொட்டிகளில் ஏமாற்றுபவனுக்கு எப்போதும் முகமில்லாத கறுப்பு உருவம்தான் போடுகிறார்கள். எங்கள் தீவுகளில் அவன் பகலில் வருகிறான். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருகிறான். இதை வாசிக்கும் என் வயதுக்காரர்கள், அடுத்தமுறை யாரும் “சும்மா வாங்கோ” என்று கூப்பிட்டால், முதலில் அந்தத் தாள்களைக் கேட்டு வாங்கி வாசியுங்கள்.

3.40க்குக் குறிகட்டுவானில் இறங்கியபோது யாழ்ப்பாண பஸ் புறப்படத் தயாராக நின்றது. நான் நயினாதீவுப் படகில் ஏறினேன். அர்ச்சனைத் தட்டோடு பக்கத்தில் இருந்த அம்மா, இடம் விட்டு நகர்ந்தபடி கேட்டார்: “கோயிலுக்கோ, ஐயா?”

“இல்லை அம்மா. மூண்டு வீட்டுக்கு.”